தொட்டி ஹாலில்தான் இருக்கும்

முருகன் துணை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தொட்டியை நான் எடுக்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ பதறாமல் வாசிக்கலாம். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். பூனாவில் உன் அறையில் இருக்கிற பையன்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீயே மெதுவாக வாசி, இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. இந்தியில் எனக்குக் காய்கறிக்காரனோடு சண்டை போடத்தான் வரும். பெற்ற பிள்ளையோடு சண்டை போட என் பாஷைதான் வேண்டும்.

நீ கேட்டதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீயே பார்த்துக்கொள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுமதியின் அப்பாவும் அம்மாவும் மாட்டுங்காவிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பார்த்துவிட்டு, பிடித்திருந்தால், அன்றைக்கே தேதி குறிப்பார்கள். அதற்குள் நான் ஹாலில் இருக்கும் மீன் தொட்டியைப் பக்கத்து வீட்டுக்கு நகர்த்திவிட்டு அங்கே இரண்டு நாற்காலி போட வேண்டும். நான் மீன் குஞ்சு விற்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சுமதியின் அப்பா ஆசாரம் பார்ப்பவர், ஒரு சைவ வீட்டில் மீன் விற்கிறார்கள் என்று அவர் காதில் விழுந்தால் சம்பந்தம் நின்றுபோகும். ‘ஒரு நாள்தானே அம்மா, ப்ளீஸ்’ என்று முடித்திருக்கிறாய். உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பது நீ எழுதாமலே எனக்குத் தெரிகிறது. வேறு எந்தப் பெண்ணுக்காகவும் நீ எனக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதியதில்லை. அதனால் நான் செய்வது என்ன என்று தெரிந்துதான் செய்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, இந்த வீட்டுக்குள் முதல் மீனைக் கொண்டுவந்தவன் நீதான். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தாய். உன் சிநேகிதன் குடும்பம் துபாய்க்குப் போகிறது என்று அவர்கள் வீட்டு வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தை, உள்ளே இரண்டு தங்கமீனோடு, கோவண்டியிலிருந்து ரயிலில் மடியில் வைத்துத் தூக்கி வந்தாய். சட்டையெல்லாம் ஈரம்.

“என்னல இது?” என்றேன்.

“ரெண்டு நாள்தாம்மா. மண்டே குர்லாவுல ஒரு கடையில குடுத்துருவேன். சலேகா, சரியா?”

“சைவ வீட்டுக்குள்ள மீனா?”

“சாப்பிடவா சொன்னேன்? பாக்கத்தானே.”

திங்கட்கிழமை வந்தது, போனது. நீ கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாய். வீட்டில் வேறு இடம் இல்லாததால் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் கிண்ணத்தை வைத்திருந்தாய். அது அங்கேயே தங்கிவிட்டது. உன் விளையாட்டுச் சாமானை நான் எடுத்துக்கொண்டதாக நீ இப்போது எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். நான் எடுத்துக்கொள்ளவில்லை. பசியோடு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு இரண்டு உயிர் என்னைப் பார்த்தன. அவ்வளவுதான்.

சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்ததால் வந்த வினையைக் கேள். வெள்ளிக்கிழமை என்றால் விளக்கு, மணி, தட்டு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்கிறவள் நான். அதோடு அதாக இந்தக் கிண்ணத்தையும் தேய்ப்பேன். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை வெந்நீரில் போட்டு அலசி, ஜன்னல் கம்பியோரம் வெயிலில் காயவைப்பேன். பழைய தண்ணீர் சொட்டு இல்லாமல் கொட்டிவிட்டுக் காலையில் குழாயில் வந்த தண்ணீரைப் பளிங்கு மாதிரி நிரப்புவேன். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். குர்லா கடைக்காரனிடம் போய்க் கேட்டால், “மாஜி, மச்லி ஹை, மரேகா. தூஸ்ரா லே ஜாவ்”, மீன் என்றால் சாகத்தான் செய்யும், வேறு கொண்டுபோ என்று இன்னொரு ஜோடியைப் பையில் கட்டித் தருவான். அவனுக்கு என்ன, செத்தால்தானே வியாபாரம். நானோ என் சுத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நம் மாடியில் பெண்கள், “வெள்ளிக்கிழமை தோறும் முருகனுக்கு ரெண்டு மீனு நேந்திருக்கியளா அக்கா?” என்று கேட்டார்கள். சிரிப்புக்குத்தான் கேட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம்தான் சங்கரன்கோவிலில் உன் அப்பாவின் பெரியப்பா இறந்துபோய்த் தந்தி வந்தது. பதினாறு நாள் தீட்டு. விளக்கு கிடையாது, சாமி சாமானைத் தொடக் கூடாது. கிண்ணத்தையும் நான் அந்தக் கணக்கில்தானே வைத்திருந்தேன், அதனால் அதையும் தொடவில்லை. இரண்டு பொரியைப் பொடித்துப் போடுவதும், வற்றிய அளவுக்கு வாளியில் பழகிக் கிடந்த தண்ணீரை ஊற்றுவதும் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. முதலில் தண்ணீர் கஞ்சி மாதிரிக் கலங்கியது. எனக்கு அருவருப்பாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் யாரும் தொடாமலே தெளிந்திருக்கிறது. கற்களில் வழுவழுவென்று பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. இரண்டு மீனும் துள்ளிக்கொண்டிருந்தன. காரியம் முடிந்து வீட்டைக் கழுவி விட்டு, எல்லாவற்றையும் தேய்க்க உட்கார்ந்தவள், கிண்ணத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். நான் தேய்த்துத் தேய்த்துக் கொட்டியது அழுக்கை இல்லை, அதுகளுக்கு உயிர் கொடுக்கிற எதையோ என்று அப்போதுதான் உறைத்தது.

அது என்ன என்று உன்னிடம்தான் கேட்டேன். நீ சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தாய். “அம்மா, எக்ஸாம் இருக்கு” என்றாய். சரி என்று பழைய புத்தகக் கடையில் மீன் வளர்ப்பைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி, உன் பழைய டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாதம் வேகிற நேரத்தில் ஒரு பத்தி, துணி ஊறுகிற நேரத்தில் ஒரு பத்தி என்று கூட்டிக் கூட்டி வாசித்தேன். மீன் கழிப்பது தண்ணீரில் விஷமாகிறது. அந்த விஷத்தைத் தின்று தண்ணீரைப் பிழைக்கவைக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதுகள் குடியேற வாரக்கணக்கில் ஆகும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் மருந்தும் வெந்நீரும் புளியும் அதுகளை ஒரே நாளில் கொன்றுவிடும். நீ இன்றைக்கு இந்தக் கடிதத்தைக் கூட்டி வாசிக்கிறாயே, அப்படித்தான் இதை நான் வாசித்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக் கணக்கைப் பைசா விடாமல் எழுதுகிற மாதிரி, வாரம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறேன், எவ்வளவு ஊற்றுகிறேன் என்றும் அன்றிலிருந்து எழுதி வருகிறேன். கால்வாசிக்கு மேல் ஒரு தடவையும் மாற்றியதில்லை.

பூனாவில் நீ வீடு எடுத்துக் குடித்தனம் வைக்கும்போது இதை நினைத்துக்கொள். புது வீடு, புதுப் பெண்டாட்டி என்று முதல் மாதமே எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று குதிக்காதே. கலங்கும். கலங்கும்போது கையை விட்டுத் துழாவாமல் இருந்தால் பாதி சரியாகிவிடும். பொறுமை என்று பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, எனக்கே பதினாறு நாள் தீட்டு வந்துதான் கையைக் கட்டிப்போட்டது.

கிண்ணம் மீனுக்குச் சிறை என்றும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அதைப் பார்க்க முடியவில்லை. தாராவியில் டிரங்குப் பெட்டி செய்கிற காசிம் அண்ணனைத் தெரியும்தானே, கடையநல்லூர்க்காரர், நம் வீட்டு அரிசி டின்னெல்லாம் அவர் கைவேலை. அவரிடம் போய் இரண்டடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வேண்டும் என்றேன்.

“எதுக்கும்மா, பலகாரம் வைக்கவா?”

“மீன் விட.”

தட்டிக்கொண்டிருந்த சுத்தியலை நிறுத்தினார். “நீங்க சைவம்லா?”

“அதுகளும் சைவந்தான். பொரி தின்னுது.”

“அப்பம் எங்க வீட்டு மீனுதான் பாவம்” என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடியை நிறுத்தி, இடுக்கில் மக்குப் பசை வைத்து அடைத்துக் கொடுத்தார். முதல் வாரமே மூலையில் கசிந்து ஹால் முழுக்க ஈரம். அவரே ரயிலேறி வந்து பார்த்துவிட்டு, “துணிமணி வைக்க செஞ்சு பழகின கைம்மா, தண்ணி நிக்க செஞ்சதில்ல” என்று திரும்பத் திரும்ப அடைத்துக் கொடுத்தார். அவரும் கற்றுக்கொண்டார், நானும் கற்றுக்கொண்டேன். அப்புறம் சிலிகான் என்று ஒரு பசை வந்தது. சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டுகிறது. அதை வைத்து அவர் ஒட்டிய மூன்றடித் தொட்டிதான் நீ நகர்த்தச் சொல்கிற இந்தத் தொட்டி. மணலுக்கு அடியில் துளைத் தட்டு, காற்று மோட்டார், மேலே ட்யூப்லைட், ஒவ்வொன்றாக வந்தன. எதையும் ஒரே நாளில் வாங்கவில்லை. மீன் சம்பாதித்ததை வைத்து மீனுக்கு வாங்கினேன்.

சம்பாதித்தது என்றால் உனக்குச் சுருக்கென்கிறது, தெரியும். அதற்கு முன்னால் புழுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், சுமதியின் அப்பாவுக்கு ஆசாரத்தில் சந்தேகம் வந்தால் அங்கேதான் வரும். மூன்றடித் தொட்டியில் ஏஞ்சல் மீன் விட்டேன். நெற்றிப் பட்டை போட்ட மாதிரி கோடு கோடாக, மேலும் கீழும் இறக்கை நீட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். பொரி, ரவை, வேகவைத்த கீரை எல்லாம் போட்டுப் பார்த்தேன். முகர்ந்துவிட்டுப் போய்விடும். நாளுக்கு நாள் முதுகு கத்தி மாதிரி மெலிந்தது. உயிருள்ள புழு வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அந்த வாரம் முழுக்க முருகன் சன்னதியில் நின்று யோசித்தேன். பிறகு குர்லாவுக்குப் போய்ப் புழு வாங்கி வந்தேன். சிவப்பு நூல்கண்டு மாதிரி இருக்கும், ஒரு டப்பாவில் போட்டுக் குழாயை இழையாகச் சொட்டவிட்டு வைப்பேன். உன் அத்தை ராஜி வந்து அதைப் பார்த்துவிட்டாள்.

“மைனி, சைவ வீட்டு அடுக்களையில இதென்ன, புழுவா வச்சிருக்கிய?”

“ஆமா. மீனுக்கு.”

“நம்ம வீட்டுல இந்தப் பாவம் தேவையா?”

“ராஜி, அதுக்கு அந்த வாயைக் குடுத்தது நானா, முருகனா? என் விரதத்தை நான் இருக்கேன். அதை அதுகிட்ட திணிச்சுப் பட்டினி போட்டுக் கொன்னா அது புண்ணியமா?”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கிய.”

“ஒனக்குக் காப்பியும் வச்சிருக்கேன். உக்காரு.”

உட்கார்ந்தாள், குடித்தாள், போய் மாட்டுங்கா முழுக்கச் சொன்னாள். சொல்லட்டும். சாஸ்திரத்தில் எழுதிய வரியெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதன் வயிற்றுக்கு நாம் பொறுப்பு என்பது தெரியும். கிருத்திகைக்குக் கிருத்திகை நான் விரதம் இருக்கும்போது தொட்டிக்கும் தீனி கிடையாது, அது வேறு விஷயம். அப்பா, “ஏளா, அதுகளுக்கும் காவடி எடுத்துருவியா?” என்று கேலி செய்தார். நடுநடுவே ஒரு நாள் வயிறு காய்வது அதுகளுக்கு நல்லது என்று பிறகு புத்தகத்திலேயே பார்த்தேன்.

புழு தின்று ஒரு மாதத்தில் ஏஞ்சல்கள் கொழுகொழுவென்று நின்றன. ஆறு மீனை ஒன்றாக வளர்த்தேன். அதில் இரண்டு தானாக ஒதுங்கி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டன. நாமாக ஒரு ஆணையும் பெண்ணையும் பிடித்து ஒன்றாகப் போட்டால் கடித்துக் கொன்றுவிடும், அதுகளாகத்தான் சேர வேண்டும். உனக்கும் சுமதிக்கும் இரண்டு தடவைதான் பேசக் கொடுத்திருக்கிறார்கள், அது போதுமா என்று நான் கேட்டபோது நீ என் மேல் எரிந்து விழுந்தாய். இந்த மீனை வைத்துத்தான் கேட்டேன், உன்னைக் குறை சொல்ல இல்லை. ஜோடி சேர்ந்தவை தொட்டிக்குள் நின்ற கண்ணாடிக் குழாயில் முட்டை ஒட்டி, இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டு நின்றன. குஞ்சு வந்தபோது உன் அப்பா விக்ரோலி கம்பெனியிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்பு அவர் அதை ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து சாயங்கால டீ அங்கேதான்.

நூற்றுக்கணக்கில் வளர்ந்த குஞ்சை என்ன செய்ய? தொட்டியில் நெருக்கி வைத்தால் எல்லாம் சாகும். குர்லா கடைக்காரனிடம் கொண்டு போனேன். எனக்குச் செத்த மீனுக்குப் பதில் மீன் விற்றானே, அவன்தான். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாஜி, கிஸ்கா மால் ஹை?” என்று யார் சரக்கு எனக் கேட்டான். “மேரா”, என்னுடையது என்றேன். அந்த ஒரு வார்த்தையை இந்தியில் அவ்வளவு திருத்தமாக நான் அதற்கு முன் சொன்னதில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு வீட்டு வாசலிலும் ஆள் வந்தது. செம்பூர், தேவ்நார் என்று பிள்ளைகள் ஜாம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, “மச்லிவாலி ஆன்ட்டி” என்று கீழேயிருந்து கத்தும். முதல் தொட்டி வைப்பவர்களுக்கு இரண்டே இரண்டு மீன்தான் கொடுப்பேன். ஒரு மாதம் அதுகளை உயிரோடு வைத்துக் காட்டினால்தான் மூன்றாவது. வியாபாரம் தெரியாதவள் என்று கடைக்காரன் சிரித்தான். அவன் விற்ற மீன் வாரத்தில் செத்தது, என்னுடையது சாகவில்லை.

இந்த இடத்தில் ஒரு தாய் என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில்தான் உனக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன் என்று எழுதுவாள், நீயும் அழுதுவிட்டுத் தொட்டி இருக்கட்டும் என்பாய். அப்படி எழுத எனக்கு வழியில்லை. ஒரு பைசாவும் உனக்குச் செலவழிக்கவில்லை. உன் படிப்பு அப்பா சம்பளத்தில் நடந்தது, மீன் வருமானம் மீனுக்கே போனது. வீட்டுக் கணக்கு வேறு, தொட்டிக் கணக்கு வேறு, இரண்டையும் நான் கலந்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, அதில் எனக்குத் திறமை இருந்தது, அதனால் செய்தேன். இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டும் என்று நீ நினைத்தால் என்னிடம் இல்லை.

போன தையில் மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, அங்கே பந்தியில் யாரோ ஒரு மனிதர், “மீன் விக்கிற வீட்டுக்காரங்களுக்கு எலையில கூட்டு வைங்கடே, அவங்களுக்கு இறங்குமோ என்னவோ” என்றார். சுற்றிச் சிரிப்பு. நான், “இறங்கும், ரெண்டு கரண்டியா வைங்க” என்று இலையை நகர்த்தினேன். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டார். நீ பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டாய். எனக்கு அந்த மனிதர் சொன்னது உறைக்கவில்லை. நீ எழுந்ததுதான் உறைத்தது. அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன். நான் திருடினேனா? கலப்படம் செய்தேனா? எந்த நாளாவது சாமி விளக்கேற்றாமல் தொட்டி விளக்கைப் போட்டேனா?

ஒரு நாள்தானே என்கிறாய். தொட்டியை ஒரு நாளைக்கு எடுத்து வைப்பது என்பது கிடையாது, அதை முதலில் தெரிந்துகொள். தண்ணீரை இறைத்து, மணலை வாரி, மீனையெல்லாம் வாளியில் போட்டால் பாதி அந்தப் பதற்றத்திலேயே போய்விடும். மணல் காய்ந்தால் உள்ளே இருக்கிற உயிரெல்லாம் போச்சு. திரும்ப வைத்தால் முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது போகட்டும், அதை விடு. ஞாயிற்றுக்கிழமை மறைத்தால் கல்யாணத்தன்றைக்கும் மறைக்க வேண்டும். தலைதீபாவளிக்கு மறைக்க வேண்டும். சுமதி இந்த வீட்டில் வந்து நிற்கிற அன்றைக்கு அவளிடமிருந்து எங்கே கொண்டுபோய் வைப்பது? உன் அம்மா இன்னாள் என்று உன் மாமனாரிடம் சொல்ல முடியாமல் ஆரம்பிக்கிற குடித்தனத்தில் நீ வேறு எதையெல்லாம் சொல்ல மாட்டாய்? அப்பாகூட முதலில் உன் கட்சிதான். “கேக்கான்லா, ஒரு நாளைக்கு எடுத்துட்டாத்தான் என்னளா?” என்றார். டீயை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, “எடுத்துட்டா அப்புறம் நான் எங்க பாத்துக்கிட்டு உக்கார?” என்றார். அவர் கட்சி மாறிவிட்டார்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத விஷயம். நேற்று சாயங்காலம் கோவிலில் சுமதியின் அம்மாவைப் பார்த்தேன். பிரகாரம் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். விபூதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, “ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியளே?” என்றார்கள்.

“கேளுங்க.”

“நீங்க மீன் விக்கியளாமே?”

“ஆமா. வளக்கிற மீன். ஒங்களுக்கு வேணுமா?”

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்கள். “எனக்கு ஒண்ணுமில்ல மைனி. அவுக அப்பா ஒரு மாதிரி. ஞாயித்துக்கெழம மட்டும் அதக் கொஞ்சம் உள்ள வச்சிருங்களேன்.”

“நம்ம வீட்டுல உள்ளன்னு ஒண்ணு கெடையாது. ஹால், அடுக்களை, அவ்வளவுதான். ரெண்டடித் தொட்டி காலத்துலருந்து எல்லாத்தையும் ஹால்லதான் வச்சிருக்கேன். புழுவும் போடுதேன், அதையும் வீட்டுல சொல்லிருங்க.”

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள். “சொல்லுதேன்” என்றார்கள். “வாரோம்” என்று சொல்லவில்லை, “வரல” என்றும் சொல்லவில்லை. ஆக, மறைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. இந்நேரம் சுமதியின் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வருவார்களா, வந்து காப்பி குடிக்காமல் திரும்புவார்களா, எனக்குத் தெரியாது. சம்பந்தம் நின்றுபோனால் நீ என்னிடம் எத்தனை மாதம் பேசாமல் இருப்பாய் என்பதும் தெரியாது. அதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

வந்தால், நடந்தால், சுமதி விஷயத்தில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். கடையிலிருந்து மீன் வாங்கி வந்தால் பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பையை மூடியபடியே தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பிறகு நம் தொட்டித் தண்ணீரை ஒரு கரண்டி, கொஞ்சம் கழித்து இன்னொரு கரண்டி என்று பைக்குள் விட வேண்டும். அது தன் தண்ணீரோடேதான் வரும். தானாக நீந்தி வெளியே வரும்வரை நாம் பையைக் கவிழ்க்கக் கூடாது. மாட்டுங்கா வீட்டில் அவள் எப்படிச் சமைத்தாளோ, எத்தனை மணிக்கு எழுந்தாளோ, அதோடேயே வரட்டும். என் வழக்கத்தை நான் அவள் தலையில் கொட்ட மாட்டேன். நீயும் கொட்டாதே. அவளுக்கு மீன் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பார்க்கவே வேண்டாம். மறைத்து வைக்கத்தான் நான் சம்மதிக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றைக்கு மத்தியானம் நான் தாராவிக்குப் போய்விட்டு வந்தேன். நாலடிக்கு ஒரு தொட்டி ஒட்டச் சொல்லிவிட்டேன். ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்ததுதான், ஏஞ்சல்களுக்கு மூன்றடி போதவில்லை. உன் கடிதம் யோசனையை முடித்துவைத்தது. சனிக்கிழமை காலையில் டெம்போவில் வருகிறது. பழைய மணலைக் கழுவாமல் ஈரத்தோடு அப்படியே இதற்கு மாற்றி, பழைய தண்ணீரையும் முழுக்க ஊற்றி, மீனை வாளியில் காக்கவைக்காமல் உடனே விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரும்போது தெளிந்திருக்கும். காசிம் அண்ணன் ஒரு பக்கம் பிடிப்பார். அப்பாவுக்கு இடுப்பு வலி, குனியக் கூடாது. இரண்டு மாடி ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலைப் பிடித்து வந்துவிடு, மறுபக்கத்தை நீ பிடி.

அம்மா